மேலேயிருந்து வருகிறவர்

பனிச்சறுக்கில் எங்களுக்கு முதலில் பழக்கியது விழுவதைத்தான். என்னோடு ஒஸ்லோவில் வளர்ந்தவர்களுக்கு அது மறந்திருக்காது. பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். கையை ஊன்றக் கூடாது. விழுந்த பிறகு, ஷீ என்று நாம் சொல்லும் அந்த நீளப் பலகைகள் இரண்டையும் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி வைத்துக்கொண்டுதான் எழும்ப வேண்டும். ஆசிரியை "விழுங்கள்" என்றதும் இருபது பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஒன்றாக விழுவோம். கழுத்துக்குள் பனி போகும். நனைந்த கம்பளிக் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றும்போது நாக்கில் ஒட்டிய மயிரும் உப்பும் எனக்கு இன்றைக்கும் தெரியும்.

இப்போது நமக்கும் நாற்பது நெருங்கிவிட்டது. காதோரம் நரைத்திருக்கிறது, படியேறினால் முழங்கால் சத்தம் போடுகிறது. நம் பிள்ளைகளை நாமே காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சரிவில் விடுகிறோம். அன்றைக்கு நம் தாய் தகப்பனுக்கு அந்த விளையாட்டில் ஒரு சொல்லும் தெரியாது. பள்ளிக்கூடத்தின் பழைய சாமான் சந்தையில் யாரோ ஒரு பிள்ளை காலுக்குச் சிறிதாகிப்போய்க் கொடுத்த ஷீயை வாங்கித் தந்துவிட்டு, "கவனம் பிள்ளை" என்று மட்டும் சொல்வார்கள். மற்றப் பிள்ளைகள் பனியில் குந்தியிருந்து தோடம்பழம் உரிப்பார்கள். நாம் வெள்ளித்தாளைப் பிரித்து, குளிரில் மரக்கட்டையாகிப்போன ரொட்டியைக் கடிப்போம்.

அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் என் அப்பா சரிவுக்கு வந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

நாங்கள் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு மாடிக்கட்டடத்தின் நான்காம் தட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. குளித்துவிட்டு வந்தாலும் காது மடிப்பில் மா ஒட்டியிருக்கும். அம்மா முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்தார். ஊரில் சண்டை நின்றிருந்த காலம் அது. தெரிந்தவர்கள் எல்லோரும் பத்துப் பதினைந்து வருடங்களுக்குப் பிறகு ஊருக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்பாவால் முடியவில்லை. அவரிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டுக்குப் போகக் கூடாது. இலையுதிர் காலத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்தார். பொலிஸில் ஒரு குற்றமும் பதியப்பட்டிருக்கக் கூடாது என்பதை அம்மாவும் அப்பாவும் அடிக்கடி தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். சிவப்பு விளக்கு எரியும்போது வெறும் தெருவைக்கூட அப்பா கடந்ததில்லை.

குளிர்கால விடுமுறைக் கிழமையில் அப்பாவுக்கும் லீவு கிடைத்தது. லீவு தொடங்குவதற்கு முதல் நாள் மாலை அவர் வேலையிலிருந்து தோளில் இரண்டு ஷீக்களைச் சுமந்துகொண்டு வந்தார். கூட வேலை செய்பவர் ஒருவர் நிலவறையைத் துப்புரவாக்கும்போது எடுத்துக் கொடுத்தாராம். அவை நேராகவும் ஒடுக்கமாகவும் இருந்தன, அடிப்பக்கம் சாம்பல் நிறமாகியிருந்தது. சுவரில் சாய்த்து வைத்தபோது அப்பாவின் தலைக்கு மேல் ஒரு முழம் நின்றன.

பழகுகிறவருக்கு ஷீ நாடிவரைக்கும் இருந்தால் போதும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் அதைச் சொன்னேன். நீளம் கூடினால் திருப்ப முடியாது, நிறுத்தவும் முடியாது என்றும் சொன்னேன்.

"பெரிசு நல்லதுதானே," என்றார் அப்பா. "இந்தப் பாஸ்போட்டை எடுக்கப் போறவனுக்கு இந்த விளையாட்டும் கொஞ்சம் தெரிய வேணும் பிள்ளை."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் திங்கட்கிழமைகளில் தொழிற்சாலையில் தேநீர் குடிக்கும்போது எல்லோரும் தாங்கள் போன சரிவுகளைப் பற்றிக் கதைப்பதையும், அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பதையும் ஒருமுறை அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

முதல் இரண்டு நாளும் சிறுபிள்ளைகளுக்கான மேட்டில் நின்றோம். நகரத்தின் வடக்கு விளிம்பில், காட்டை வெட்டி எடுத்த ஒரு சரிவின் அடிவாரம் அது. நான்கு வயதுப் பிள்ளைகள் எங்களைக் கடந்து வழுக்கிப் போனார்கள். நான் பின்புறமாக நகர்ந்தபடி அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முழங்காலை மடியுங்கோ. உடம்பை முன்னுக்குச் சாயுங்கோ, பின்னுக்குச் சாய்ந்தால் வேகம் கூடும். குதிக்காலை வெளியே தள்ளி, ஷீயின் முன்நுனிகளைக் கிட்டக் கொண்டுவாருங்கோ. அப்படி நுனி கூர்ந்து பின்பக்கம் விரிந்து நிற்பதற்கு நோர்வேஜிய மொழியில் ப்ளூக் என்று பெயர். கலப்பை என்று அர்த்தம். அப்பா தன் கால்களைக் குனிந்து பார்த்தார். அவருடைய தகப்பன் தோட்டம் செய்தவர். இப்படி ஒரு கலப்பையை எவன் பூட்டுவான் என்று சிரித்தார். நான் அவரை அவ்வளவு சிரித்துப் பார்த்தது குறைவு.

ஆனால் அந்த நீள ஷீக்கள் விரியவில்லை. விரித்தால் பின்பக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இரண்டு நாளும் அப்பா நிற்பதற்கு ஒரே ஒரு வழியைத்தான் கண்டுபிடித்தார்: விழுவது. அதைச் சரியாகவே செய்தார், பக்கவாட்டில். சிறுபிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களின் தாய்மார் மெல்லச் சிரித்தபோது அப்பாவின் கழுத்து விறைப்பதை நான் கண்டேன்.

சறுக்குகிறவர்களை மேலே இழுத்துச் செல்லும் லிஃப்ட்டின் அடியில் ஒரு பெரிய பலகையில் சரிவின் விதிகள் எழுதியிருந்தன. எந்தப் பலகையையும் வாசிக்காமல் அப்பா கடந்துபோக மாட்டார். புரியாத இடங்களை நான் சொன்னேன். மேலேயிருந்து வருகிறவர் கீழே நிற்பவரைப் பார்த்து விலக வேண்டும். உன்னால் நிறுத்தக்கூடிய வேகத்தில் மட்டும் போ. ஒடுக்கமான இடத்திலும், மேலேயிருந்து வருகிறவர் கண்ணுக்குத் தெரியாதபடி மேட்டுக்குக் கீழேயும் நிற்காதே, ஓரத்தில் நில். விபத்து நடந்தால் நின்று உதவி செய். உன் பெயரைக் கொடு.

அப்பா முதல் விதியைத்தான் இரண்டு தரம் வாசித்தார். "மேலை நிக்கிறவன் கீழை நிக்கிறவனைப் பாக்க வேணுமாம்," என்றார். "நல்ல நாடு."

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் மேலே போக வேண்டும் என்றார். இன்னும் ஒரு நாள் இஞ்சையே பழகுவம் என்று நான் கெஞ்சினேன். மூன்று நாளாகச் சின்னப் பிள்ளைகளோடு நின்றுவிட்டுப் போய்த் திங்கட்கிழமை என்னத்தைச் சொல்வது என்று கேட்டார். கடைசியில் நீலக் குறி போட்ட சுலபமான பாதையால் மட்டும் இறங்குவது, நான் முன்னால் போவது, நான் நின்ற இடத்தில் அவர் நிற்பது என்று பேசிக்கொண்டோம். எதைப் பிடித்து நிற்பார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அந்த லிஃப்ட்டில் இருக்கை கிடையாது. மேலே ஓடும் கம்பியிலிருந்து நங்கூரம் மாதிரி ஒரு கட்டை தொங்கும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதைப் பின்புறத்தில் கொடுத்தால் இழுத்துக்கொண்டு போகும். அதில் உட்காரப் பார்த்தால் விழுந்துவிடுவீர்கள். அப்பா உட்காரவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடும் சத்தம் கேட்க, முன்னால் ஓடிய தடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தார். உயர உயர மரங்கள் வெள்ளையாகின. வெயில் போய்விட்டிருந்தது. வெளிச்சம் தட்டையாகி, பள்ளமும் மேடும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. காலையில் இளகிய பனி மீண்டும் உறைந்திருந்தது; எங்களுக்குக் கீழே அது தகரத்தைச் சுரண்டுவது போலச் சத்தம் போட்டது.

மேலே கட்டையை விட்டதும் நான் வலப்பக்கம் திரும்பி, நீலக் குறியைக் கையால் காட்டினேன். அப்பாவின் ஷீ திரும்பவில்லை. அவர் நேராகப் போனார். நேரே இருந்தது சிவப்புக் குறி, கூடச் சரிவானது. என்னைக் கடந்தபோது அவருடைய முகம் எனக்குத் தெரிந்தது. பயந்ததைவிட வெட்கப்பட்ட முகம்.

நான் பின்னால் இறங்கினேன். விழுங்கோ, அப்பா, விழுங்கோ என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை, அல்லது அந்த வேகத்தில் விழ மனம் வரவில்லை. பின்னுக்குச் சாய்ந்துவிட்டார், இரண்டு ஊன்றுகோலும் காற்றில் ஆடின. கீழே பாதையின் ஓரத்தில், நிற்க வேண்டிய சரியான இடத்தில், ஒரு தாயும் பச்சை உடுப்புப் போட்ட ஒரு சின்னப் பெண்ணும் நின்றார்கள். தாய் குனிந்து பிள்ளையின் சப்பாத்துப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விலத்துங்கோ!" என்று அப்பா கத்தினார். "விலத்துங்கோ, விலத்துங்கோ!"

அந்தச் சரிவில் அதன் அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பிறகு கேட்டது, ஈர விறகு முறியும் சத்தம். அது ஷீயா காலா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை ஒரு பக்கமாகக் கிடந்தாள். தலைக்கவசம் தலையில் இருந்தது. அழுதாள், கண் திறந்திருந்தது. இரண்டும் நல்லது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கால் இருக்கக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. அப்பா இன்னும் சற்றுக் கீழே போய் விழுந்திருந்தார். அவருக்கு ஒன்றுமில்லை. எழும்பி, வழுக்கி வழுக்கி ஓடி வந்து, முழங்காலில் இருந்து, பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினார். தாய் அவரைத் தள்ளிவிட்டார். தொட வேண்டாம் என்று கத்தினார்.

"தூக்கக் கூடாது அப்பா," என்றேன் நானும்.

அப்பா கையை எடுத்துக்கொண்டார். நான் என் ஷீக்களைக் கழற்றி, பத்தடி மேலே ஏறி, அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் பனியில் குத்தினேன். மேலேயிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். வந்தவர்களில் ஒருவர் கைத்தொலைபேசியை எடுத்தார். தாய் தன் மேற்சட்டையைக் கழற்றிப் பிள்ளைமேல் போர்த்திவிட்டு, ஏதோ ஒரு சிறுபிள்ளைப் பாட்டை, மூச்சுத் திணறத் திணறப் பாடத் தொடங்கினார்.

மீட்பு ஆட்கள் இரண்டு பேர் சறுக்குவண்டியோடு இறங்கி வந்தார்கள். சிவப்பு மேற்சட்டை, முதுகில் வெள்ளைச் சிலுவை. எனக்கு அவர்கள் பிளாஸ்டர் ஒட்டுகிறவர்கள். தொலைந்த கையுறையைக் கண்டுபிடித்துத் தருகிறவர்கள். அவர்கள் போட்டிருப்பது ஒரு சீருடை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒருவர் பிள்ளையின் காலுக்குக் கட்டை வைத்துக் கட்ட, மற்றவரான பெண் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்தார். குளிரில் பேனா எழுதாது.

அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். உதடு அசையாமல் கதைத்தார்.

"வா, போவம்."

நான் அசையவில்லை.

"அவை பிள்ளையைப் பாப்பினம். நாங்கள் நிண்டு ஒண்டும் செய்யேலாது. நீ ஒண்டும் சொல்லாதை. வா."

ஒரு ஷீ காட்டுக்குள் போய்விட்டது. கழன்று கிடந்த மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓரத்து மரங்களை ஒட்டி அவர் கீழே நடக்கத் தொடங்கினார். ஓடவில்லை. கடைக்குப் போய்விட்டு வருகிறவர் மாதிரி நடந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பென்சில் வைத்திருந்த பெண் என் முன்னால் குனிந்தார். அது உன் அப்பாவா என்று மெதுவாகக் கேட்டார்.

நான் பிள்ளையைப் பார்த்தேன். அப்பாவின் முதுகைப் பார்த்தேன். ஓம் என்றேன். அப்பாவின் முழுப்பெயரையும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு எழுத வரவில்லை. நம் பெயர்கள் அவர்களுக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். எனவே எழுத்துக் கூட்டினேன், ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக, கிளாஸில் சொல்வதுபோல. பிறகு முகவரி, கதவிலக்கம், தொலைபேசி இலக்கம். பாதி எழுத்தில் அப்பா நின்றுவிட்டார். திரும்பவில்லை. தன் பெயர் முடியும்வரை மரங்களைப் பார்த்தபடி நின்றார்.

பேருந்திலும் அதன்பிறகு நிலக்கீழ் ரயிலிலும் அவர் தரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். எஞ்சிய ஒற்றை ஷீ முழங்கால்களுக்கு நடுவில் நின்றது. அதிலிருந்து வடிந்த தண்ணீர் ரயில் தரையில் எங்கள் சப்பாத்துகளைச் சுற்றி ஓடியது. வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் சொன்னார்.

"காட்டிக் குடுத்திட்டாய்."

நான் இந்த நாட்டில் பிறந்தவள். தமிழை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்தவள். எனக்கு அது இரண்டு சின்னச் சொல், காட்டுவதும் கொடுப்பதும். இரண்டையும் நான் செய்திருந்தேன்தானே. அந்தச் சொல்லுக்கு ஊரில் என்ன எடை என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். கையில் இருந்த அகப்பையை அவர் கீழே வைத்த விதத்திலேயே அது பெரிய சொல் என்று விளங்கியது.

அன்று அம்மா என்னைத் திட்டவில்லை, அப்பாவையும் திட்டவில்லை. "பிள்ளைக்கு என்ன தெரியும், இஞ்சருங்கோ," என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார். அடுத்த நாள் என்னைத் தனியாகப் பிடித்து, தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம்தானே என்று கேட்டார். அப்போதுதான் நான் அழுதேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் உங்களில் யாருக்கும் வர வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடிவந்து கீழ்த்தட்டில் இருந்த தபால்பெட்டியை முதலில் திறப்பேன். பொலிஸின் கடிதம் வந்தால் அதை அப்பாவுக்கு முன்னால் நான் பார்க்க வேண்டும். ஒளித்திருப்பேனோ என்னவோ. மின்சாரக் கட்டணமும் தளபாடக் கடை விளம்பரமும்தான் வந்தன. அப்பா சாப்பாட்டு மேசையில் என்னைப் பார்க்காமல் உப்பை என் பக்கம் தள்ளுவார். "பிள்ளை" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். அம்மாவிடம் "அவள்" என்றார். குடியுரிமை இனிக் கிடைக்காது, இருக்கிற அனுமதியையும் பிடுங்கிவிடுவார்கள் என்று அம்மாவிடம் அவர் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அந்தப் பிள்ளை நடக்கிறாளா என்று நாங்கள் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒற்றை ஷீ பல்கனியில் நின்றது. ஒரு நாள் பார்த்தபோது அதுவும் இல்லை.

மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். அந்தத் தாய். லில்லெஸ்ட்ரோமிலிருந்து கதைப்பதாகச் சொன்னார். அப்பாவுடன் கதைக்கலாமா என்று கேட்டார். நான் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் சோபாவிலிருந்து எழும்பி நின்றார். இல்லை என்று தலையாட்டினார். வேலைக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். இந்த முறை காட்டிக் கொடுக்கவில்லை.

அவர் என்னோடு கதைத்தார். மகளின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது, சுத்தமான முறிவு, பிள்ளைகளுக்கு விரைவாகப் பொருந்திவிடும், வசந்தத்துக்குள் ஓடுவாள் என்று வைத்தியர் சொன்னாராம். தான் அன்றைக்கு அப்பாவைத் தள்ளியது பிழை என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, மகள் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார். அந்த மனிதருக்கும் அடிபட்டதா. அவர் கத்தியது என்ன.

தொலைபேசியை வைத்துவிட்டு நான் அதையெல்லாம் தமிழில் சொன்னேன். அப்பா நின்றபடியே கேட்டார்.

"பொலிஸ் எண்டு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை அப்பா."

"நான் கத்தினதையோ கேக்கிறா?"

"ஓம். என்னத்தைக் கத்தினவர் எண்டு."

அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அந்தச் சனிக்கிழமை அப்பா கல்யாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டார். நான் மொழிபெயர்க்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். லில்லெஸ்ட்ரோமுக்கு ரயிலில் போனோம். ஒரு மஞ்சள் மரவீடு. வாசலில் பனியை வழித்து மணல் தூவியிருந்தார்கள். நான் வழியெல்லாம் வசனங்களை நோர்வேஜிய மொழியில் அடுக்கி வைத்திருந்தேன். கதவு திறந்து அந்தத் தாய் நின்றதும் நான் வாயைத் திறந்தேன். அப்பா என் தோளில் கையை வைத்து என்னை நிறுத்தினார்.

தனக்குத் தெரிந்த மொழியில், சொற்கள் இடம் மாறி விழ, அவரே சொன்னார். மேலேயிருந்து வந்தது நான். பார்க்க வேண்டியது நான். நிற்காமல் போனதும் நான்.

அந்தத் தாய் கதவை இன்னும் அகலத் திறந்தார். பிறகு, உள்ளே வாருங்கள், குளிர் உள்ளே வருகிறது என்றார்.

பிள்ளை சோபாவில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். இளஞ்சிவப்புக் கட்டு, அதில் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள், ஒரு குதிரை, இரண்டு இதயம். அவளுக்குப் பயம் இருக்கவில்லை. அப்பாவிடம் நேரே கேட்டாள், என்ன கத்தினீங்கள் என்று. அப்பா சொன்னார். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "விலாத்துங்கு" என்றுதான் வந்தது. அர்த்தத்தைச் சொன்னதும் யோசித்துவிட்டு, நோர்வேஜிய மொழியில் கத்தியிருந்தால் விலகியிருப்பேனே என்றாள். அவளுடைய தாய் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை, ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

பிறகு அவள் ஒரு தடித்த பேனாவை நீட்டி, நீங்களும் பெயர் எழுத வேண்டும் என்றாள்.

அப்பா பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். எழுதவில்லை. நான் அவருக்கு இடம் தெரியவில்லை என்று நினைத்து, குதிரைக்குப் பக்கத்தில் விரலால் காட்டினேன். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. பேனாவின் வாசம் அறை முழுக்க வந்துவிட்டது. கடைசியில் தரையில் முழங்காலில் இருந்து, பெரிய எழுத்தில், தன் முழுப்பெயரையும் எழுதத் தொடங்கினார். பெயர் நீளம். முன்பக்கத்தில் இடம் முடிந்து காலைச் சுற்றி அடுத்த பக்கம் போனது. பிள்ளை அவர் எழுத எழுதக் காலை மெல்லத் திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பி வந்த ரயில் லில்லெஸ்ட்ரோமை விட்டுச் சிறிது தூரத்தில் நீளச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. காது அடைத்தது. யன்னலில் எங்கள் இரண்டு பேரின் முகங்களும் தெரிந்தன. அப்பா யன்னலில் தெரிந்த என்னைப் பார்த்துக் கதைத்தார்.

"ஊரிலை ஒருநாள் ஆமிக்காரங்கள் எங்களை வரிசையிலை நிக்க வைச்சவங்கள். பேர் எழுதினவங்கள். நான் என்ரை பேரைச் சொல்லேல்லை."

நான் யன்னலில் தெரிந்த அவரைப் பார்த்தேன்.

"என்னோடை படிச்சவன் ஒருத்தன், அடுத்த ஒழுங்கையிலை வீடு. அவன் கொழும்புக்குப் போட்டான் எண்டு நினைச்சன். போனவன்ரை பேரைச் சொன்னால் ஆருக்கும் ஒண்டும் வராதுதானே. என்ரை பேர் எண்டு அவன்ரை பேரைச் சொன்னனான்."

"பிறகு?"

"அவன் போகேல்லை."

ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பேரைத் தேடி வந்தாங்கள். கொண்டு போனாங்கள். அவன் திரும்பி வரேல்லை. நான் அடுத்த மாசம் வெளிக்கிட்டிட்டன்." அவர் கையுறையைக் கழற்றி மறுபடி போட்டார். "நீ அண்டைக்குச் செய்தது பிழையில்லைப் பிள்ளை. நான் சொல்லியிருக்க வேண்டிய பேரைத்தான் நீ சொன்னனீ."

பன்னிரண்டு வயதில் நான் அதில் கால்வாசியைத்தான் விளங்கிக்கொண்டேன். எனக்கு விளங்கியது அவர் என்னை மறுபடியும் பிள்ளை என்று கூப்பிட்டது மட்டும்தான். அவரைக் கோழை என்று அந்த மூன்று கிழமையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பென்சில் வைத்திருந்த ஒரு பெண்ணுக்குப் பயந்து பிள்ளையை விட்டுவிட்டு நடந்தார் என்று. அவர் எதிலிருந்து விலகி நடந்தார் என்று தெரிய எனக்குப் பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது.

ஆனி மாதம் குடியுரிமைக் கடிதம் வந்தது. சரிவில் நடந்ததைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்கவில்லை. ஒருவரும் எங்கும் எழுதி அனுப்பியிருக்கவுமில்லை. ஆவணியில் புதுப் பாஸ்போட்டோடு அப்பா ஊருக்குப் போனார். அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் தனியாகத்தான் போனார். மூன்று கிழமை. விமான நிலையத்தில் போய்க் கூட்டிவந்தபோது கறுத்து, மெலிந்திருந்தார். பைகளில் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்திருந்தார். யார் யாரைப் பார்த்தார், எந்த வீடு இருக்கிறது, எது இடிந்துவிட்டது என்று அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து, அம்மா சமைக்கக் குசினிக்குள் போன பிறகு, நான் மெதுவாகக் கேட்டேன்.

"அடுத்த ஒழுங்கைக்குப் போனீங்களோ அப்பா?"

"போனனான். அவன்ரை தாய் இருக்கிறா. சொல்லிப்போட்டன்."

"அவ என்ன சொன்னவ?"

அப்பா பையின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதை அவிழ்த்து முடித்தார்.

"ஒண்டும் சொல்லேல்லை. பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைச்சுக் கொண்டந்து தந்தவ," என்றார். "குடிச்சிட்டு வந்தனான்."